இரவலக்கா

அவர் நம் வீட்டுக்கு வந்தால் முதலில் மனிதர்களைப் பார்க்க மாட்டார். சுவரைப் பார்ப்பார், ஆணியில் என்ன தொங்குகிறது என்று. பிறகு அலமாரி. பிறகு கட்டிலுக்கு அடியில். டீயைக் கையில் வாங்கிய பிறகுதான் "என்ன, எல்லாரும் சொகந்தானே?" என்பார். அதற்குள் தனக்கு வேண்டியது எது என்று முடிவு செய்திருப்பார். அதைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார், பக்கத்தில் இருக்கிற வேறெதையாவது புகழ்ந்துகொண்டிருப்பார். கிளம்பி வாசலுக்குப் போய், ஒரு காலைச் செருப்பில் நுழைத்த பிறகு, ஏதோ இப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல் திரும்புவார்.

"அந்தக் குடை சும்மாதானே கெடக்கு? சனிக்கெழமைக்கு மட்டும்லா."

தோட்டத்தில் எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். தலை மறைந்ததும் இரவலக்கா. அது அவருக்கும் தெரியும். "நல்ல பேருதான், யாருகிட்ட இரவல் வாங்கி வெச்சீங்க?" என்று கேட்பார்.

எழுபதுகளின் பின்பாதி அது. அக்காவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில், நாங்கள் ஸ்டோர் என்போம், தூள் சலிக்கிற வேலை. சனிக்கிழமை மத்தியானம் சங்கு ஊதினால் தலையில் படிந்த தூளைத் தட்டிவிட்டு நாடகக்காரியாகிவிடுவார். அக்கா, டோலக்கு அடிக்கிற அவர் கணவர், ஸ்டோரில் வேலை செய்த இரண்டு ஆண்கள், நான். ஐந்து பேர்தான் எங்கள் குழு. அரை மணி நேரச் சிரிப்பு நாடகம் ஒன்று, நடுவில் நாலைந்து தனிப் பாட்டு, அப்புறம் இன்னொரு நாடகம். நாலு மணிக்கு ஆரம்பித்து, பனி இறங்கி ரோடு மறைவதற்குள் முடித்துவிடுவோம். காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற லோரி எது கிடைத்தாலும் அதில் ஏறிக்கொள்வோம். பிரிஞ்சாங், திரிங்காப் என்கிற மலைச் சிற்றூர்கள், சுற்றி இருக்கிற தேயிலைத் தோட்டங்கள் என்று நாங்கள் போகாத மண்டபம் இல்லை. முட்டைக்கோஸ் வாசனையோடுதான் ராஜா வேஷம் போடுவோம்.

எங்கள் நாடகத்தில் பேச்சே கிடையாது. உப்பு கேட்பதானாலும் பாட்டு, உதை வாங்குவதானாலும் பாட்டு. இதை அக்கா கற்றுக்கொண்டது துரைமார் கிளப்பின் சமையற்கட்டில். அவர் அங்கே எடுபிடியாக இருந்த காலத்தில், ஊர் ஊராகப் போய்ப் பாடுகிற வெள்ளைக்காரர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்களாம். கதவு இடுக்கு வழியாகப் பார்த்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு குண்டு வெள்ளைக்காரி, பொண்டாட்டிய அடிக்கிற புருசன் ஒருத்தன். சண்டை பூரா பாட்டு! சிரிச்சு சிரிச்சு சட்டியைக் கவுத்துட்டேன். நம்ம ஆளுங்க சண்டை போட்டா அதைவிட நல்லா இருக்குமேன்னு அப்பவே தோணிருச்சு."

பார்க்க வருகிறவர்களும் இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மேடையில் யாராவது மறந்துபோய் ஒரு வார்த்தை பேசிவிட்டால் போச்சு. "பேசாத! பாடு!" என்று கூட்டமே கத்தும். பிள்ளைகள் பிஸ்கட் டின்னைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். பாடும்வரைக்கும் விட மாட்டார்கள்.

வேஷத்துக்கு எங்களிடம் ஒரு துணிகூடச் சொந்தமாக இல்லை. வாங்க முடியாமல் இல்லை, அக்கா விட மாட்டார். எந்தத் தோட்டத்தில் ஆட்டமோ அங்கே இரண்டு நாள் முன்னால் போய், வீடு வீடாக ஏறி இறங்கி, சட்டை, தொப்பி, பானை, நாற்காலி எல்லாம் இரவல் வாங்குவார். ஒருமுறை ஒரு வீட்டில் தொட்டிலைக் கேட்டார். "உள்ள பிள்ள தூங்குதுக்கா" என்றாள் அந்தப் பெண். "இருக்கட்டும், பிள்ளையும் வேணுந்தான்" என்றார் அக்கா.

ஏன் இப்படி என்று நான் கேட்டதற்கு, "பொருளு மேடையில இருந்தா பொருளுக்காரன் கண்ணு எங்க இருக்கும்? முன்வரிசையில வந்து உக்காந்துக்குவான். பொண்டாட்டி பிள்ளையையும் இழுத்துட்டு வருவான். நோட்டீசு எதுக்கு நமக்கு?" என்றார்.

அது நூற்றுக்கு நூறு உண்மை. தோட்டத்து ஆபீஸில் கணக்குப் பார்க்கிற பெரிய கிராணி ஒருவர் தன் காலில் கிடந்த சப்பாத்தைக் கொடுத்தார். நாடகத்தில் கிராணி வேஷம் போட்டவருக்கு அது ஒரு விரல் அளவு சின்னது. வலியில் அவர் நடந்த நடை அப்படியே பெரிய கிராணியின் நடையாக அமைந்துவிட்டது. தோட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. கிராணி முகம் சிவக்க முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் நேராக அக்காவிடம் வந்தார். நாங்கள் திரைக்குப் பின்னால் ஒதுங்கினோம். "எல்லாம் சரி. ஆனா நான் இடது கால இவ்வளவு இழுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த முறை கண்ணாடியையும் சேர்த்துக் கொடுத்தார்.

கேலி செய்கிறவளுக்கு ஊர் எதற்கு மறுபடி மறுபடி கொடுத்தது? ஒரு காரணம் இருந்தது. அக்கா திருப்பித் தருகிற பொருளில் ஒரு பழுது குறைந்திருக்கும். கிழிந்த பை தைத்து வரும். குடைக்கம்பி நிமிர்ந்து வரும். நாலு வருஷம் ஓடாத கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டு வந்தது. இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். வைத்துவிட்டு, அடுத்து என்ன என்று சுவரைப் பார்த்துக்கொண்டே போவார்.

என்னையும் அவர் இரவல்தான் வாங்கினார்.

என் அப்பா தோட்டத்து மாதாகோயிலில் உபதேசியார். சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் மலை ஏறி வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம், பாட்டு எல்லாம் அப்பா பொறுப்பு. கோயிலின் ஆர்மோனியப் பெட்டி எங்கள் வீட்டில்தான் இருக்கும். அக்கா வந்து, மாதா படத்தை வெகுநேரம் புகழ்ந்துவிட்டு, செருப்பில் கால் நுழைக்கும்போது பெட்டியைக் கேட்டார். ஞாயிறு காலை எட்டு மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற கண்டிப்போடு அப்பா கொடுத்தார். பத்து நிமிடத்தில் அக்கா திரும்பி வந்தார்.

"பூட்டைக் குடுத்துட்டு சாவியக் குடுக்கலன்னா எப்படி உபதேசியாரே? வாசிக்கத் தெரிஞ்சது உங்க பொண்ணு ஒருத்திதானே."

"ஒரு சாயங்காலம்தான்" என்றார் அப்பா.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் அக்கா. அந்த ஒரு சாயங்காலம் மூன்று வருஷமாகியும் முடியவில்லை. கோயிலில் முக்காடு போட்டுக்கொண்டு பாடிய பத்தொன்பது வயதுப் பெண் நான், முந்நூறு பேர் முன்னால் பொண்டாட்டியாகப் பாடிப் புருஷனை விளக்குமாற்றால் அடித்தேன். என் குரலைக் கேட்டு ஜனங்கள் சிரிக்கிறார்கள், அடுத்த பாட்டுக்கே கண் கலங்குகிறார்கள் என்று தெரிந்த நாளில், இதைவிட எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்று இருந்தது. "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்சாளாம்" என்று அப்பா முணுமுணுப்பார். ஆனால் ஒருநாளும் தடுத்ததில்லை.

ஒரே ஒரு ஞாயிறுதான் பெட்டி நேரத்துக்கு வரவில்லை. முந்தின ராத்திரி திரும்பும்போது திரிங்காப் பக்கம் மண் சரிந்து லோரி நின்றுவிட்டது. என்னை முன்னால் ஒரு மோட்டார் சைக்கிளில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பெட்டி இல்லாமலே அப்பா ஜெபத்தை ஆரம்பித்துத் திணறிக்கொண்டிருந்தார். பாதியில் கதவு திறந்தது. அக்காவின் கணவர், நெற்றி நிறைய விபூதி, தலையில் பெட்டி, நடுவழியாக நடந்து வந்தார். பின்னால் அக்கா. பெட்டியைப் பீடத்துக்குப் பக்கத்தில் இறக்கி, முந்தானையால் ஒரு துடைப்புத் துடைத்து, என் அப்பாவைப் பார்த்து, "ம், நேரமாச்சு, ஆரம்பிங்க" என்றார். தாமதமாக வந்தது அப்பாதான் என்பதுபோல் இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது எனக்கு வரன் வந்தது.

பையன் பிரிஞ்சாங்கில் மெக்கானிக், எங்கள் கோயில் ஆட்கள்தான். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. அவர் அம்மா கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரியும் காய்கறியும் விற்கிற கடை வைத்திருந்தார். கணவன் போன பிறகு ஒற்றை ஆளாகப் பையனை வளர்த்தவர். சொன்ன சொல்லைப் பின்வாங்கியதே இல்லை என்று பசாரில் பேர். பெண் பார்க்க வந்தவர், டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"பொண்ணு புடிச்சிருக்கு. கோயில்ல எவ்வளவு வேணும்னாலும் பாடட்டும். மேடை கூடாது. கல்யாணத்தோட அது நிக்கணும்."

அப்பா தலையை ஆட்டிவிட்டார். மறுநாள் ஸ்டோரின் பின்புறம் சாக்குக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அவரும் வேண்டும், பாட்டும் வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்தினேன். அக்கா சல்லடையைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்தம்மாகிட்ட என்ன இருக்கு?"

"என்ன இருக்குன்னா?"

"பொருளுலா. உசிரா வெச்சிருக்கிறது ஏதாச்சும் இருக்குமே."

இருந்தது. மலைக்கே தெரிந்த பொருள். வருங்கால மாமியார் சின்ன வயதில் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். துரைசாணி சீமைக்குத் திரும்பும்போது தன் சிவப்புக் கம்பளிக் கோட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். கட்டை விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டன்கள், இரண்டு வரிசையாக. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் போடுவார். கோயிலில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விடுவார்கள்.

அக்கா மூன்று தடவை கியா பார்முக்குப் போனார். முதல் தடவை கோஸைப் புகழ்ந்தார். இரண்டாம் தடவை ஸ்ட்ராபெரியைப் புகழ்ந்தார். மூன்றாம் தடவை கேட்டார். அத்தை, அதாவது என் வருங்கால மாமியார், கத்தியைக் கீழே வைக்காமலே "முடியாது" என்றாராம்.

"சரிதான் அண்ணி. கிராணி வூட்டம்மாகிட்ட ஒரு சுவெட்டர் இருக்கு, அதை வாங்கிக்கிறேன். உங்க கோட்டைவிட அதுதான் எடுப்பா இருக்கும்னு அங்க எல்லாரும் சொல்றாங்க" என்று சொல்லி, செருப்பில் காலை நுழைத்திருக்கிறார் அக்கா.

கல்லில் நார் உரிக்கிறவர் அவர். கோட்டு வந்தது. ஆனால் கோட்டோடு அத்தையும் வந்தார். தன் கையாலேயே கொண்டுவந்து, தன் கையாலேயே திருப்பி எடுத்துப் போவார் என்பது பேச்சு. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அதுதான் என் கடைசி ஆட்டம் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். நானும்தான்.

நாடகம் இதுதான்: பணக்கார அம்மா ஒருத்தி பெண் பார்க்க வருகிறாள், பெண் கேட்கிற கேள்விக்கெல்லாம் ஆர்மோனியத்தை வாசித்துப் பாட்டாலேயே பதில் சொல்கிறாள். நான் பெண். அக்கா, கோட்டு போட்ட அம்மா. முன்வரிசையில் என் மாமியார் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வரிசையில் அப்பா, ஜெபமாலையை உருட்டிக்கொண்டு.

திரை விலகியதும் எனக்கே திக்கென்றது. அக்கா பட்டனை ஒன்று தள்ளி மாற்றிப் போட்டிருந்தார். கோட்டு ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் இறங்கி, கழுத்தில் கோணிக்கொண்டு நின்றது. வாழ்நாளில் கோட்டு போடாதவர் தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்று பின்னால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "எனக்கென்னாத் தெரியும் கோட்டைப் பத்தி?" என்பார். அந்த முகத்தைப் பார்த்தால் நம்பவும் முடியாது, நம்பாமல் இருக்கவும் முடியாது.

அத்தை முதலில் சைகை காட்டினார். அக்கா அதைப் பார்க்கவே இல்லை. பிறகு "பட்டன், பட்டன்" என்று கிசுகிசுத்தார். அக்கா கோட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டு மேடையைச் சுற்றி நடந்தார். அவ்வளவுதான். அத்தை எழுந்து, சேலையைத் தூக்கிச் செருகி, மேடைமேல் ஏறிவிட்டார்.

"ஏ பொம்பள! பட்டன மாத்திப் போட்டு என் கோட்டைப் பாழாக்கறியே!"

அவரும் நாடகத்தில் ஒருத்தி என்றே கூட்டம் நினைத்தது. மேடையில் பேசிவிட்டாரே! "பேசாத! பாடு!" என்று மண்டபம் அதிர்ந்தது. பிஸ்கட் டின்கள் முழங்கின. அத்தை திகைத்துப்போய்ச் சுற்றிலும் பார்த்தார். இறங்கவும் வழியில்லை, பேசவும் விடவில்லை. என் விரல் ஒரே சுரத்தை அழுத்திக்கொண்டிருந்தது. அக்காவின் கணவர் டோலக்கை மெல்லத் தட்டிக்கொண்டு காத்திருந்தார்.

அத்தை பாடினார். அவருக்குத் தெரிந்த மெட்டெல்லாம் கோயில் மெட்டுதானே. பெரிய வெள்ளிக்கிழமையில் பாடுகிற இழுவை மெட்டில், கணீரென்று, சுருதி பிசகாமல் பாடினார்.

"மேலே பூட்டும் பட்டனைக்
கீழே பூட்டினாயே, என்
துரைசாணி தந்த கோட்டைத்
தொங்க விட்டாயே!"

மண்டபம் வெடித்தது. நான் பெட்டியில் அதே மெட்டைப் பிடித்தேன். அப்பாவின் கை, அவரை அறியாமலே, கோயிலில் போடுவதுபோல் தாளம் போட்டது. அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதே மெட்டில் பதில் வந்தது.

"கோட்டைப் பற்றிக் கவலை வேண்டாம்,
கொண்டுவந்து தருவோம், உங்க
வீட்டுக்கு வரும் பெண்ணின்
பாட்டை என்ன செய்வோம்?"

இது நாடகத்தில் இல்லாத வரி. அத்தைக்கு விஷயம் புரிந்துவிட்டது. கண் சிவந்தது. ஆனால் பாட்டை விடவில்லை.

"கோயிலிலே பாடட்டும்,
குறை ஒன்றும் சொல்லேன், இந்தக்
கூத்தாடிக் கூட்டத்தோடு
கூட விடமாட்டேன்!"

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் பாடினார்.

"கூத்தாடிக் கூட்டத்தில்
கூட நிக்கிறீங்க, அண்ணி,
ஏறி வந்து எட்டு வரி
எடுத்தும் பாடிட்டீங்க!"

அந்த மாதிரி ஒரு சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. அத்தை காலடியைப் பார்த்தார். மேடைப் பலகை. எதிரே முந்நூறு முகம். பிறகு அக்காவின் மேலிருந்த கோட்டை, ஒவ்வொரு பட்டனாகத் தானே கழற்றி எடுத்து, தான் போட்டுக்கொண்டு, சரியாகப் பூட்டி, இறங்கிப்போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஞாயிறு. ஜெபம் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அத்தை உட்காரவில்லை.

"உங்க பொண்ணு பாடட்டும். இனிமே நான் வேணாம்னு சொன்னா ஊரு சிரிக்கும். ஆனா ஒண்ணு உபதேசியாரே. அந்தப் பொம்பள என் வூட்டுப் படிய மிதிக்கக் கூடாது. நான் சாகிற வரைக்கும்."

நான் குதிரைபோல் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். பாடலாம், பாடலாம் என்று அவர் கையைப் பிடித்துச் சுற்றினேன். மற்றதையும் சொன்னேன், அது பெரிதாகவே எனக்குப் படவில்லை. அக்கா சல்லடையைக் கீழே வைத்தார்.

"படி மட்டுந்தானே? ரோட்டுல நிக்கலாமா?"

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"அப்ப நஷ்டமில்ல" என்றார்.

கல்யாணத்துக்குக் கோயிலுக்கு வந்தார், வீட்டு விருந்துக்கு வரவில்லை. எங்கள் வீடு பிரிஞ்சாங்கில் ரோட்டோரம். சனிக்கிழமைகளில் லோரியில் நான் அங்கிருந்துதான் ஏறுவேன். அக்கா முன்னாலேயே வந்து, படியிலிருந்து இரண்டு கஜம் தள்ளி ரோட்டில் நிற்பார். அத்தை சன்னல் வழியாகப் பார்ப்பார். "அந்தப் பொம்பள வந்து நிக்குது. டீ கொண்டு போய்க் குடு. உள்ள கூப்பிடாத" என்பார். நல்ல டீயாக, சீனி தூக்கலாகத்தான் போட்டுக் கொடுப்பார்.

என் மூத்தவன் பிறந்தபோது ஊரே வந்து தொட்டிலைப் பார்த்தது. அக்கா ரோட்டில் நின்றார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிப் போய்க் காட்டினேன். என்னைப் பாட வைத்தவரை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறேனே என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது.

"அத்தை பசாருக்குப் போயிருக்காங்கக்கா. உள்ள வாங்க. ஒரு நிமிசம்."

"வூட்டுக்காரங்க இல்லாதப்ப எடுக்கிறதுக்குப் பேரு வேற பிள்ள" என்றார். "நான் கேட்டுத்தான் வாங்குவேன்."

பிள்ளையின் உள்ளங்காலை முகர்ந்து பார்த்துவிட்டு, கொடுத்துவிட்டார்.

எண்பதுகளில் ஒரு சனிக்கிழமை, மழை. மலை மழையென்றால் சும்மா இல்லை, எதிர்வீடு தெரியாது. லோரி வரத் தாமதமானது. அக்கா தலையில் ஒரு கோணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு அதே இடத்தில் நின்றார். அத்தை சன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"கூப்பிடட்டுமா அத்தை?"

"கூப்பிட்டா என் வார்த்த என்னாவுறது?" என்று சீறினார். இன்னொரு தடவை சன்னலைப் பார்த்தார். "சனியன், அந்தக் கடையோரமா ஒதுங்கினா என்னவாம்." கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார். குடையை எடுத்தார். விடுவிடுவென்று படி இறங்கிப் போய், அக்காவின் தலையிலிருந்த சாக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, குடையை இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அரை மணி நேரம் நின்றார்கள். ஒருத்திக்கு இடது தோள் நனைந்தது, மற்றவளுக்கு வலது தோள். வாய் மட்டும் ஓயவில்லை. போன வாரத்து நாடகத்தில் வேலைக்காரி பாட்டு இழுவை என்று அத்தை சொல்வதும், உங்க கோயில் மெட்டைவிடவா என்று அக்கா கேட்பதும் மழைச் சத்தத்தைத் தாண்டி வீட்டுக்குள் கேட்டது. நான் சன்னலோரம் நின்று அழுதேன், சிரிப்பும் வந்தது.

லோரி வந்து ஹார்ன் அடித்தது. நான் ஓடிப்போய் முன்னால் ஏறிக்கொண்டேன். அவர்கள் இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிரைவர் புதிது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"யாரு லா அவங்க ரெண்டு பேரும்? அக்கா தங்கச்சியா?"

"இல்ல" என்றேன். "ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது."